மூன்று மனைகளும் ஒரு குடம் தண்ணீரும்

அம்மா அப்பாவுக்கு வீடு கட்ட வேலூர்ப் பக்கம் மனை தேடியதில் மூன்று மிஞ்சின: காட்பாடி காந்தி நகரை ஒட்டி ஒன்று, பாகாயத்தில் ஒன்று, வாலாஜாப்பேட்டை தாண்டி ஒன்று. விலை, பத்திரம், தண்ணீர், மருத்துவமனைத் தூரம் என்று மதிப்பெண் போட்டுக் கூட்டினால் வாலாஜா மனைதான் முதலிடம். விலை மலிவு, தெரு அகலம்.

ஆனால் அந்த எண்களில் சில நேரில் பார்த்தவை, சில காதில் விழுந்தவை. இரண்டையும் ஒரே கணக்கில் கூட்ட மனம் ஒப்பவில்லை. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ‘யார் சொன்னது?’ என்று குறித்தேன். தண்ணீருக்கு நேரே தரகர் பேச்சைத் தவிர எதுவும் இல்லை.

எந்த விடை முடிவை மாற்றுமோ அதை மட்டும் தேடுவது என்று வைத்துக்கொண்டேன். பஸ் வசதி எப்படியிருந்தாலும் வரிசை மாறாது, விட்டுவிட்டேன். பாகாயம் மனையின் வில்லங்கச் சான்றையும் மூலப்பத்திரத்தையும் ஒப்பிட்டபோது, வாரிசுகளில் ஒருவர் கையெழுத்தே போடவில்லை எனத் தெரிந்தது. மற்றவற்றில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் இந்தக் குறை ஈடாகாது. அன்றே நீக்கினேன்.

வாலாஜாவில் பக்கத்து வீட்டு அம்மா குடத்தைக் கொண்டுவந்து காட்டினார். கழுத்தைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. “இதில் பருப்பு வேகாது தம்பி” என்றார். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும்; வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை. அந்த வீட்டுக் கிணற்று நீர் ஆய்வகத்தில் அதையும் தாண்டியது. விற்பவரோ, “உங்கள் மனையில் ஆழ்துளைக் கிணறு போட்டால் நல்ல தண்ணீர் வரும்” என்றார். வரலாம்தான், போர் போடாமல் யாருக்குத் தெரியும்?

இங்கேதான் நம் மாவட்டத்து வழக்கு நினைவுக்கு வந்தது. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: அறிவியல் உறுதி இல்லை என்பதைக் காட்டித் தடுப்பைத் தள்ளிப்போடக் கூடாது, தீங்கில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது. அந்த நியாயம் மனைக்கும் பொருந்தும் என்றே நம்புகிறேன். முன்பணத்துக்கு முன்பு போர் போட்டுக் காட்டச் சொன்னேன். விற்பவர் மறுத்தார். தண்ணீர் சரியில்லை என்றே வைத்து வாலாஜாவின் மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

காட்பாடி மனை சிறியது, தாழ்வானது. 2021 நவம்பரில் பாலாறு பெருகியபோது தெருவில் தண்ணீர் நின்றதா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தேன், ஆளுக்கொன்று சொன்னார்கள். நின்றது என்றே வைத்துக்கொண்டு, அடித்தளத்தை உயர்த்தும் செலவையும் விலையோடு சேர்த்தேன். அப்போதும் காட்பாடியே முன்னால் நின்றது. முன்பணம் கொடுத்துவிட்டோம்.