அம்மாவின் கால் விறைப்பும் நாங்கள் அலைந்த அலைச்சலும்

அம்மாவுக்குச் சீனி வருத்தம் வந்து பல வருடங்கள். பாதம் விறைத்து மரத்துப்போகிறது, இரவில் எரிகிறது என்று அவர் சொல்லத் தொடங்கியதும் கொழும்பு வெள்ளவத்தையில் தெரிந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். வாதம் என்றார் ஒருவர், இரத்த ஓட்டம் போதாது என்றார் இன்னொருவர், வயது என்றார்கள் மற்றவர்கள். நரம்பு வருத்தம் என்று ஒருவரும் சொல்லவில்லை. நரம்பு வருத்தம் என்றால் எங்கள் ஆட்களுக்குப் பாரிசவாதமும் வலிப்பும்தான்.

முதலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி டொக்டரிடம் நேரம் எடுத்து, போனோம். டொக்டர் அம்மாவின் செருப்பைக் கூடக் கழற்றச் சொல்லவில்லை. முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எழுதித் தந்தார். முள்ளந்தண்டில் கொஞ்சம் தேய்மானம் என்று ரிப்போர்ட் வந்தது. அந்த வயதில் யாருக்கு எடுத்தாலும் அப்படி ஏதாவது வரும். பில் மட்டும் மறக்க முடியாதது.

அப்புறம் அம்மா வழமையாகப் போகும் அரசாங்க சீனிக் கிளினிக்கில் கடிதம் வாங்கி நரம்பியல் கிளினிக்குக்குப் போனோம். விடியவே போய் நம்பர் எடுக்க வேண்டும், சனம் அதிகம், ஆனால் காசு இல்லை. கிளினிக் கொப்பி, கடைசி எச்.பி.ஏ.1சி. ரிப்போர்ட் (மூன்று மாதச் சீனியின் சராசரி), குடிக்கிற குளிசைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் கொண்டு போங்கள். அங்கே அந்தப் பைதான் பாதிக் கதையைச் சொல்லும்.

அந்த இளம் டொக்டர் ஒரு நைலோன் நூலை எடுத்தார். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நூல் அது. “கண்ணை மூடுங்கோ அம்மா, படுகிற நேரம் சொல்லுங்கோ” என்றார். குதிகாலில் “ஓம்” என்ற அம்மா, பெருவிரலில் தொட்டபோது பேசாமல் இருந்தார். டொக்டர் தொட்டு முடித்த பிறகும், அவர் எப்போது தொடங்குவார் என்று அம்மா காத்துக்கொண்டிருந்தார். எம்.ஆர்.ஐ. சொல்லாததை அந்த நூல் சொல்லிவிட்டது: சீனியால் வந்த நரம்புப் பாதிப்பு.

காரணத்தையும் விளங்கப்படுத்தினார். கூடிய சீனி, நரம்பையும் அதற்கு இரத்தம் கொடுக்கும் நுண்ணிய குழாய்களையும் பழுதாக்குகிறது. மிக நீளமான நரம்புதான் முதலில் அடிபடும், அதனால்தான் விறைப்பு பாதத்தில் தொடங்கி மேலே ஏறுகிறது. சீனி கட்டுப்படாமல் கழிந்த வருடங்கள், பிரஷர், கொழுப்பு, புகைத்தல் எல்லாம் ஆபத்தைக் கூட்டும். நரம்பில் கரண்ட் கொடுத்துப் பார்க்கும் சோதனைக்கும் அனுப்பினார். அது பெரிய நரம்பிழைகளை மட்டுமே அளக்கும், சிறிய இழைகளின் பழுது அதில் தெரியாது. எரிவு இருந்தும் ரிப்போர்ட் நோர்மல் என்று வந்தால், நோயாளி சும்மா சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். விட்டமின் பி12 இரத்தப் பரிசோதனையும் எழுதினார். மெட்ஃபோமின் என்ற சீனிக் குளிசையை நெடுநாள் குடிப்பவர்களுக்கு பி12 குறையலாம், அதுவும் இதே விறைப்பைத் தரும். அம்மாவுக்கு உண்மையிலேயே குறைவாக இருந்தது. ஊசி போட்டார்கள்.

வரிசையில் இருந்த நேரத்தில் போனில் தேடிப் பார்த்தேன். 2024இல் லான்செட் நியூரோலஜி இதழில் வந்த ஆய்வின்படி, 2021இல் உலகில் 340 கோடிப் பேருக்கு, அதாவது 43 வீதமானோருக்கு, ஏதோவொரு நரம்பியல் பாதிப்பு இருந்திருக்கிறது. எண்ணிக்கையில் முன்னுக்கு நிற்பவை தலையிடிகள். கூடிய சேதம் செய்வது பாரிசவாதம். ஆனால் மிக வேகமாகக் கூடுவது அம்மாவுக்கு வந்த இதே வருத்தம்தான்: 1990இல் இருந்ததைவிட மூன்று மடங்குக்கு மேலாகி, 20.6 கோடிப் பேர். வாதம் என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கணக்கில் எத்தனை பேரோ!

இரவுக்கு ப்ரீகபலின் என்ற நரம்பு வலிக் குளிசை தந்தார்கள். முதலில் நல்ல தூக்கமும் தலைச்சுற்றும் இருந்தது, பிறகு எரிவு குறைந்தது. விறைப்பு அப்படியே இருக்கிறது, அந்தக் குளிசை வலிக்கு மட்டும்தான். உணர்வில்லாத காலில் கல் குத்தினாலும் சூடு பட்டாலும் தெரியாது, புண்ணானபிறகுதான் தெரியவரும். ஆகவே தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும், விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும், வெறுங்காலோடு நடக்கவே கூடாது.

அந்தக் கடைசிக் கட்டளைதான் வீட்டில் பிரச்சினை. கொழும்பில் முருகனுக்கு எடுக்கும் ஆடிவேல் விழாவின் ரதம் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும்போது பின்னால் வெறுங்காலோடு நடப்பது அம்மாவின் பழைய நேர்த்திக்கடன். தார் ரோட்டுச் சூடு என்ன செய்யும் என்று டொக்டர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். “எனக்குத்தான் சூடு தெரியாதே பிள்ளை, பிறகென்ன?” என்கிறார்.