செங் ஃபெய்யோடு ஒரு வாரம்

ஆகஸ்ட் 3, 2024, சனி

பாரிஸ் ஒலிம்பிக்ஸில் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ், வால்ட் (ஓடி வந்து மேசையில் கை ஊன்றித் தாவும் பிரிவு) இறுதிச்சுற்று. சிமோன் பைல்ஸுக்குத் தங்கம், பிரேசிலின் ரெபேக்கா ஆண்ட்ராடேக்கு வெள்ளி. இருவருமே தங்கள் இரண்டு தாவல்களில் ஒன்றாகச் செய்தது 'செங்' என்ற தாவல். அந்தப் பெயரைக் கேட்டதும் மனம் துள்ளியது. செங் ஃபெய்! சீனாவின் ஹூபெய் மாகாணத்து ஹுவாங்ஷியில் பிறந்த ஜிம்னாஸ்ட். அவளுடைய பழைய வீடியோக்களைத் திரும்ப ஒரு சுற்று பார்த்தே ஆக வேண்டும்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மெல்போர்ன், 2005 உலகப் போட்டி. அவளுக்கு 17 வயது. ஒரே தாவலை எத்தனை முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேனோ தெரியாது. ஓடி வந்து, கைகளை ஊன்றிப் புரண்டு, ஸ்பிரிங்போர்டில் முதுகுப்பக்கமாக ஏறுகிறாள். மேசையில் கை படுவதற்குள் உடம்பு பாதி திரும்பிவிடுகிறது. கை அங்கே இருப்பது கண்ணிமைக்கும் நேரம்தான். அப்புறம் முன்பக்கக் குட்டிக்கரணம், உடம்பைக் கொஞ்சமும் மடக்காமல், நடுவிலேயே ஒன்றரைச் சுழற்சி. இறங்கும்போது முகம் மேசையைப் பார்த்திருக்கிறது. வேகத்தைக் குறைத்துப் பார்த்தால்தான் அந்தக் கால்கள் எவ்வளவு இறுக்கமாகச் சேர்ந்திருக்கின்றன என்பது தெரிகிறது.

அந்தத் தாவலுக்கு அவள் பெயரையே வைத்தார்கள். உலகப் போட்டியில் வால்ட் தங்கம் வென்ற முதல் சீனப் பெண்ணும் அவள்தான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

2006 உலகப் போட்டி, டென்மார்க்கின் ஆர்ஹுஸ்: வால்ட், ஃப்ளோர் (தரைப் பயிற்சி), அணி என மூன்று தங்கம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸில் ஏழாவது இடத்தில் நின்ற அணி இரண்டே வருடத்தில் உலக சாம்பியன்! 2007 ஸ்டுட்கார்ட்டில் மறுபடியும் வால்ட் தங்கம். தொடர்ந்து மூன்றாவது.

ஆகஸ்ட் 8, வியாழன்

பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் தொடங்கி இன்றோடு சரியாக 16 வருடம்.

ஆகஸ்ட் 13, 2008 அன்று அணித் தங்கம். சீனப் பெண்களுக்கு ஒலிம்பிக்ஸில் அதுதான் முதல் அணித் தங்கம். அணியில் மூத்தவள் செங் ஃபெய், வயது 20. தங்கைகளைக் கட்டிப்பிடிக்கும் அக்கா மாதிரி இருந்தாள்.

17ஆம் தேதி வால்ட் இறுதி. அவள் தங்கம் என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். இரண்டாவது தாவலில் இறங்கியவள் முழங்கால் குத்தி விழுந்தாள். இன்றும் அந்த இடத்தில் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. வட கொரியாவின் ஹாங் உன் ஜாங் 15.650, ஜெர்மனிக்காக ஆடிய சுசோவிட்டினா 15.575, செங் ஃபெய் 15.562. தங்கத்துக்கு 0.088 குறைவு. விழாமல் இருந்திருந்தால் அது அவளுடையதுதான்.

விழுந்தும் வெண்கலமா என்று கோபப்பட்டவர்கள் உண்டு. தாவலின் கடினத்துக்கே தனிப் புள்ளி தரும் முறை அது. அதன்படிதான் கொடுத்தார்கள், எனக்கு அதில் குறை தெரியவில்லை.

அன்றைக்கே ஃப்ளோர் இறுதியும். அதிலும் விழுந்தாள். ஒரே நாளில், சொந்த நாட்டு அரங்கில், இரண்டு முறை.

ஆகஸ்ட் 10, சனி

2011இல் குதிகால் தசைநாண் அறுந்தது, அத்தோடு ஆட்டம் முடிந்தது. அதைப் பார்க்க எனக்கு மனமில்லை. 2008 ஆகஸ்ட் 19 பீம் இறுதியைத்தான் போட்டேன். இரண்டு முறை விழுந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. பத்து சென்டிமீட்டர் அகலக் கட்டையில் ஏறினாள், விழவில்லை. 15.950, வெண்கலம்.

முடித்துக் கீழே குதித்ததும் அவள் முகத்தைப் பார்க்கத்தான் இன்னொரு முறை ஓடவிட்டேன்.