பென் ஹாய் ஆற்றின் இரு கரைகள்

ஹுவே நகரிலிருந்து நெடுஞ்சாலையில் வடக்கே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் சென்றால், டோங் ஹா நகருக்கு அப்பால் பென் ஹாய் என்னும் சிறிய ஆறு குறுக்கிடுகிறது. 1954இல் வியட்நாமை இரண்டாகப் பிரித்த கோடு இந்த ஆற்றை ஒட்டியே சென்றது. பிரெஞ்சுக் காலனி ஆட்சிக்கு எதிரான போர் அந்த ஆண்டு முடிந்தது என்றும், கம்யூனிசத்தை முன்னிட்டு அமெரிக்கா ஈடுபட்ட போர் அதன்பின் தனியே தொடங்கியது என்றும் பிரித்துச் சொல்வது வழக்கம். அவை இரண்டும் ஒரே போராட்டத்தின் தொடர்ச்சி என்பதை இந்தக் கரையில் நின்றபோது நான் உறுதியாக உணர்ந்தேன்.

1858இல் தா நாங் துறைமுகத்தைத் தாக்கிய பிரெஞ்சுக்காரர்கள் அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் நாடு முழுவதையும் கைப்பற்றி, உப்பு, சாராயம், அபின் ஆகியவற்றின் வணிகத்தை அரசின் ஏகபோகமாக்கினார்கள். மேகாங் வடிநிலத்தின் நெல்வயல்கள் பெருநிலக்கிழார்களிடம் குவிய, உழுதவர்கள் குத்தகையிலும் கடனிலும் மூழ்கினார்கள். மிதவாதிகள் கேட்ட சிறு சீர்திருத்தங்களுக்குக்கூட இடமளிக்காத ஆட்சி, எதிர்த்தவர்களை ஹனோயின் ஹோவா லோ சிறைக்கு அனுப்பியது. அங்கே பயன்பட்ட, தலைவெட்டும் கருவியான கில்லட்டின் இன்றும் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. நாட்டு விடுதலையையும் உழுபவனுக்கு நிலத்தையும் ஒருசேரப் பேசிய கம்யூனிஸ்டுகளின் பின்னால் விவசாயிகள் திரண்டதற்கு, சித்தாந்தத்தைவிட இந்த வாழ்க்கையே முதற்காரணம் என்பது என் கருத்து. ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது, 1944–45இல் வடக்கில் பல லட்சம் பேர் பஞ்சத்தில் மடிந்தார்கள். அரிசிக் களஞ்சியங்களை உடைத்துப் பசித்தவர்களுக்குக் கொடுத்த, கம்யூனிஸ்டுகள் தலைமையிலான வியட் மின் விடுதலை இயக்கத்தை மக்கள் மறக்கவில்லை.

1945 செப்டம்பர் 2 அன்று அதன் தலைவர் ஹோ சி மின் விடுதலையை அறிவித்தார். பிரான்ஸ் அதை ஏற்காமல் மீண்டும் படையெடுத்தது. 1950க்குப் பின் அந்தப் போரின் செலவில் பெரும்பகுதியை அமெரிக்கா ஏற்றது. 1954 மே 7 அன்று தியென் பியென் பூவில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது.

அதன்பின் ஜெனீவா மாநாட்டில், வடக்கை ஹோ சி மின் அரசிடமும் தெற்கை அவரை எதிர்த்த அரசிடமும் விட்டு வரையப்பட்ட கோடு தற்காலிகமானது. 1956 ஜூலையில் பொதுத்தேர்தல் நடத்தி நாட்டை ஒன்றாக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. அதைக் கண்காணித்த பன்னாட்டு ஆணையத்துக்கு இந்தியா தலைமை வகித்தது. ஹோ சி மின் வென்றுவிடுவார் என்ற அச்சம் நிலவிய சூழலில், உடன்படிக்கையில் தாம் கையெழுத்திடவில்லை என்று சொல்லித் தெற்கின் தலைவர் நோ தின் தியெம் தேர்தலை மறுத்தார். அமெரிக்கா அவருக்குத் துணைநின்றது. பின்னால் நேர்ந்த பேரழிவின் வேர் இந்த மறுப்பில்தான் இருக்கிறது என்று நான் எண்ணுகிறேன்.

பென் ஹாய் ஆற்றின் மேலுள்ள ஹியென் லுவாங் பாலத்தின் நீளம் 178 மீட்டர். அதன் நடுவே எல்லைக்கோடு ஓடியது. இன்று சீரமைக்கப்பட்டிருக்கும் பாலத்தில் பாதி நீலமாகவும் பாதி மஞ்சளாகவும் உள்ளது. இரு கரைகளின் ஒலிபெருக்கிகள் இரவும் பகலும் ஒன்றையொன்று மீற முழங்கியதையும், ஒரு கரையின் கொடிமரம் உயர்ந்தால் மறுகரையினர் அதைவிட உயரமாக நட்டதையும் அருங்காட்சியகம் விளக்குகிறது. தென்கரையில், வடக்கு நோக்கிக் காத்திருக்கும் தாயும் குழந்தையும் சிலையாக நிற்கிறார்கள். இரண்டே ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்று நம்பி, பிரிவினையின்போது தெற்கிலிருந்து வடக்கே சென்ற ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரில் பலர், தம் குடும்பத்தாரைக் காண இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. சிலையின்முன் நெடுநேரம் நின்றேன். அங்கிருந்து நகர மனம் வரவில்லை.

அருகிலுள்ள வின் மோக் கிராமத்தார் அமெரிக்கக் குண்டுகளுக்குத் தப்ப மண்ணுக்கடியில் சுரங்கங்கள் தோண்டி ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். அங்கே 17 குழந்தைகள் பிறந்தன. பேறு நடந்த அறை ஒரு சிறு குழிவுதான்.

போரில் வென்ற வடக்குக் கம்யூனிஸ்டுகளின் கணக்கையும் மறைக்கக் கூடாது. வடக்கின் நிலச்சீர்திருத்தத்தில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். தவறுகள் நேர்ந்ததை 1956இல் அரசே ஒப்புக்கொண்டது. 1975 ஏப்ரல் 30 அன்று தெற்கின் தலைநகர் சைகோன் வீழ்ந்தபின் தெற்கின் படையினரும் அதிகாரிகளும் ‘மறுகல்வி’ என்ற பெயரிலான சிறை முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். லட்சக்கணக்கானோர் படகேறிக் கடலில் தப்பினார்கள். கூட்டுப்பண்ணை முறையால் வேளாண்மை நலிந்து, 1986இல் தோய் மோய் என்னும் பொருளாதாரச் சீர்திருத்தம் தொடங்கிய பிறகே நாடு நிமிர்ந்தது.

இந்த ஆறு ஓடும் குவாங் திரி மாகாணத்தின் வயல்களில் வெடிக்காத குண்டுகள் இன்றும் கிடைக்கின்றன. இப்பகுதிக்கு வருவோர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வடக்குப் படையினர் துயிலும் துரோங் சோன் கல்லறைத் தோட்டத்துக்குத் தவறாமல் செல்கிறார்கள். தெற்குப் படையினரின் பெரிய கல்லறைத் தோட்டம் சைகோனுக்கு அருகே, பியென் ஹோவாவை ஒட்டி உள்ளது. 2006 வரை அது இராணுவக் கட்டுப்பாட்டில் இருந்தது; சுற்றுலாத் திட்டங்களில் அதன் பெயரை நான் பார்த்ததில்லை. வாய்ப்புள்ளவர்கள் அங்கேயும் சென்று வாருங்கள்.