ஸ்கீக்கு உங்கள் உயரம் தெரியாது

பனிச்சறுக்குக்கு எந்த ஸ்கீ வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிறவர்கள் எடுத்த எடுப்பில் உயரத்தைச் சொல்லிவிடுகிறார்கள். அடுத்து, “நான் ஓரளவு நல்லாவே சறுக்குவேன்” என்பார்கள். எடையைச் சொல்கிறவர் அபூர்வம். எந்த மாதிரிப் பனியில் அதிக நேரம் இருக்கிறார் என்று சொல்கிறவர் அதைவிட அபூர்வம். எனக்கு இந்த இரண்டும்தான் முதலில் வேண்டும். உயரத்தை அப்புறம் கேட்டுக்கொள்வேன்.

காரணம் என் உடம்பிலேயே இருக்கிறது. நான் 172 செ.மீ. உயரம், எடை 54 கிலோ. என்னோடு மலைக்கு வரும் நண்பர் 163 செ.மீ., 84 கிலோ. உயரத்தை வைத்துப் போட்ட அட்டவணை எனக்கு நீளமான, விறைப்பான ஸ்கீயைக் காட்டும், அவருக்குக் குட்டையானதை. ஒரு மதியம் இருவரும் ஸ்கீயை மாற்றிக்கொண்டோம். அவருடையது நல்ல ஜாதி ஸ்கீ, நடுவே அகலம் 72 மி.மீ., உள்ளே இரண்டு உலோகத் தகடு. அவர் காலில் அழகாகத் திரும்புகிற அது, என் காலில் மெதுவான வேகத்தில் திரும்பவே மறுத்தது. வேகம் கூடினால்தான் கொஞ்சம் இறங்கி வந்தது. என்னுடைய ஸ்கீயோ அவர் காலுக்கடியில் முன்முனை படபடவென்று அடிக்க, “இது ரொம்பத் தொளதொளன்னு இருக்கே” என்று பாதி வழியிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டார்.

ஸ்கீ எப்படித் திரும்புகிறது என்று பார்த்தால் இது புரிந்துவிடும். முன்னும் பின்னும் அகலம், நடுவில் ஒடுக்கம். அந்தப் பக்கவாட்டு வளைவுதான் சைட்கட். ஸ்கீயைச் சாய்த்தால் முனையும் வாலும் பனியைத் தொடும், நடுப்பகுதி அந்தரத்தில் நிற்கும். நம் எடையும் திருப்பத்தின் விசையும் சேர்ந்து நடுவை அழுத்த, ஸ்கீ வில்லாக வளைகிறது. அந்த வில்லின் வழியே எட்ஜ், அதாவது அடிப்பக்கத்து எஃகு விளிம்பு, பனியைக் கீறிக்கொண்டு போகிறது. ஸ்கீயின் மேல் ‘13 மீ’ என்று அச்சிட்டிருக்கும் ரேடியஸ், அதாவது திருப்ப வட்டத்தின் ஆரம், சாய்க்காமல் கிடக்கும் ஸ்கீயின் கணக்கு. 45 டிகிரி சாய்த்தால் அதே ஸ்கீ சுமார் 9 மீட்டர் ஆரத்தில் வட்டம் போடும். 60 டிகிரி என்றால் பாதி, ஆறரை மீட்டர். ஆனால் நடுப்பகுதி பனியைத் தொடுமளவுக்கு ஸ்கீ வளைந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். வளைக்க ஆள் கனமில்லை என்றால் அச்சிட்ட எண் வெறும் எண்தான்.

ஆழமான சைட்கட் ஒன்றும் பழைய சமாச்சாரம் இல்லை. 1990-களில் எலான் நிறுவனத்தின் எஸ்சிஎக்ஸ் போன்றவை வந்த பிறகுதான் இது பரவலானது. அதற்கு முன்பு எல்லாரும் இரண்டு மீட்டருக்குக் கிட்டத்தட்ட நீளமான, ஒல்லியான ஸ்கீயில்தான் இறங்கினார்கள். நீளமாக இருந்தால்தான் கெத்து என்ற நினைப்பு அந்தக் காலத்து மிச்சம். இன்று உலகக் கோப்பையில், நெருக்கமாகத் திரும்பித் திரும்பி இறங்கும் ஸ்லாலம் போட்டியில் ஆண்களுக்கே குறைந்தபட்ச நீளம் 165 செ.மீ.தான், பெண்களுக்கு 155. அதிவேகமாக இறங்கும் டவுன்ஹில் போட்டியில் ஆண்களுக்கு 218. ஒரே விளையாட்டு, அரை மீட்டருக்கு மேல் வித்தியாசம். திருப்பம் எவ்வளவு நெருக்கமாக வருகிறது, என்ன வேகத்தில் வருகிறது என்பதுதான் அங்கே நீளத்தைத் தீர்மானிக்கிறது.

சரி, பனிக்கு வருவோம். இங்கே பார்க்க வேண்டிய முதல் எண் நடு அகலம்.

ஆல்பைன் பூட்ஸின் முன் உதட்டு அகலம் சர்வதேசத் தரப்படி சுமார் 69 மி.மீ. ஸ்கீயின் நடு அகலம் 68 என்றால், பனியைக் கடிக்கிற எட்ஜ் பூட்ஸின் ஓரத்துக்கு நேர் கீழே, பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து 34 மி.மீ. தள்ளி இருக்கும். 106 மி.மீ. ஸ்கீயில் அதே எட்ஜ் 53 மி.மீ. தள்ளிப் போய்விடும். இறுகிய பனியில் முழு எடையும் அந்த ஒரு கோட்டில்தான் நிற்கிறது. எட்ஜ் தள்ளிப் போகப் போக, ஸ்கீயைச் சாய்த்துப் பிடிக்கக் கணுக்காலும் முழங்காலும் கூடுதலாக முறுக வேண்டும். காலையில் கல்லாகக் கிடக்கும் சறுக்கு ஓடுதளத்தில் அகல ஸ்கீயோடு இறங்குகிறவர்கள் மாலையில் முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

மென்பனியில் கதை தலைகீழ். புதிதாக விழுந்த உலர்ந்த பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோதான். இயந்திரம் உழுது அழுத்திய ஓடுதளத்தில் அதே கன மீட்டர் 400, 500 கிலோ வரை போகும். அந்த லேசான பனியில் 68 மி.மீ. ஸ்கீ மூழ்கிக்கொண்டே போகும். அங்கே எட்ஜுக்கு வேலை கிடையாது, மிதக்கிற பரப்புதான் பேசும். சறுக்கு வீரர் ஷேன் மெக்கான்கி அலாஸ்காவில் நீர்ச்சறுக்குப் பலகைகளில் பைண்டிங் (பூட்ஸை மாட்டும் பிடி) பூட்டி இறங்கிப் பார்த்தார். அப்புறம் 2000-களின் தொடக்கத்தில் அவர் யோசனையில் வோலன்ட் நிறுவனத்தின் ஸ்பாட்யுலா என்ற ஸ்கீ வந்தது. நடுவில்தான் அதிக அகலம், இரு முனையும் மேல் நோக்கி வளைந்த உடல். பார்க்க விசித்திரமாக இருந்தது. இன்று மென்பனி ஸ்கீ எல்லாவற்றிலும் மேலெழுந்த முனை, அதாவது ராக்கர், சாதாரண விஷயமாகிவிட்டது.

என் கணக்கு இதுதான். பெரும்பாலும் இறுகிய ஓடுதளம் என்றால் 66 முதல் 75 மி.மீ. காலையில் ஓடுதளம், மதியம் கலைந்த பனி, எப்போதாவது ஓரத்துப் புதுப்பனி என்றால் 78 முதல் 88. மென்பனியைத் தேடியே போகிறவர்கள் 100-க்கு மேல் போகட்டும். ஒரே ஜோடிதான் வாங்கப்போகிறோம் என்பவர்கள் கனவில் வரும் பனிக்கு வாங்கிவிடுகிறார்கள். வாரம் முழுக்க அழுத்திய பனியில் சறுக்கிவிட்டு, ஒரே ஒரு புதுப்பனி நாளை நினைத்து 102 மி.மீ. எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாமே.

சரிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐரோப்பாவில் பரவலாக நீலத் தடம் 25 சதவீதச் சரிவு வரை, சிவப்பு 40 வரை, அதற்கு மேல் கருப்பு. 40 சதவீதம் என்பது 22 டிகிரிதான். மேலே நின்று பார்த்தால் அப்படித் தோன்றாது என்பது வேறு விஷயம். குறுகலான செங்குத்துத் தடத்தில் 12, 13 மீட்டர் ரேடியஸ் கைகொடுக்கும், ஆனால் சும்மா இருக்க விடாது. கொஞ்சம் சாய்த்தாலே கொக்கி போட்டு உள்ளே இழுக்கும். அங்கே பலரும் வேகத்தைக் குறைக்கப் பக்கவாட்டில் வழுக்கித்தான் இறங்குகிறோம். அதற்கு 15, 16 மீட்டர் நிதானமாக இருக்கும். அகலமான, நீண்ட சரிவில் பெரிய வில்லாகப் போகப் பிடித்தவர்களுக்கு 18-க்கு மேல்.

இப்போது கையால் பார்க்கிற வேலை. நான் ஸ்கீயைக் கையில் எடுத்தால் முதலில் வாலைத் தரையில் ஊன்றி, முனையை ஒரு கையால் பிடித்து, நடுவை மறு கையால் தள்ளுவேன். முனையில் மட்டும் வளைந்து நடுவில் கம்பி போல நிற்கிறதா, சீராக வளைகிறதா என்று தெரியும். அடுத்தது முக்கியம். முனையை இரண்டு கையாலும் பிடித்துத் துண்டைப் பிழிகிற மாதிரி முறுக்கிப் பார்ப்பேன். நீளவாக்கில் வளைவது வேறு, முறுகுவது வேறு. இறுகிய பனியில் முனை முறுகிக்கொண்டால் எட்ஜ் பிடியை விட்டுவிடும். என்னைப் போல எடை குறைந்தவர்களுக்கு வேண்டியது நீளவாக்கில் இளகி, முறுக்கில் விறைத்து நிற்கும் ஸ்கீ. டிட்டானல் என்கிற அலுமினியக் கலப்புலோகத் தகட்டை, சுமார் அரை மில்லிமீட்டர் கனத்தில், உள்ளிருக்கும் மரக்கட்டைக்கு மேலும் கீழும் ஒட்டுவது இந்த முறுக்கு விறைப்புக்கும் அதிர்வை அடக்குவதற்கும்தான். சில ஸ்கீகளில் அது முழு அகலத்துக்கும் இருக்காது, முனைப் பக்கம் குறுகியோ துண்டாகவோ இருக்கும். அந்த வகை என் எடைக்கு ஒத்துவருகிறது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. மதியத்துக்கு மேல் ஓடுதளம் குவியல் குவியலாகக் கலைந்துவிடும். லேசான ஸ்கீ ஒவ்வொரு குவியலிலும் எகிறும். கனமான ஸ்கீ அறுத்துக்கொண்டு போகும். அதனால் லேசான ஆள் லேசான ஸ்கீதான் வாங்க வேண்டும் என்பதில்லை. கனம் வேறு, விறைப்பு வேறு. நடு அகலம் 80 சுற்றி இருக்கும் ஸ்கீயில், ஒற்றை ஸ்கீயே ஒன்றே முக்கால் கிலோவுக்கு மேல் இருந்தும் இளகி வளைகிறவை இருக்கின்றன. நான் இப்போது போடுவது அப்படி ஒன்று, 165 செ.மீ. பெண்களுக்கு என்று தனியாக வருகிறவற்றையும் இப்படித்தான் முறுக்கிப் பார்க்க வேண்டும். சிலவற்றில் மரக்கட்டையும் பைண்டிங் இடமும் உண்மையிலேயே மாறியிருக்கும், சிலவற்றில் நிறம் மட்டும்தான்.

வசந்தகாலப் பனி தனி ரகம். இரவில் உறைந்து, காலையில் கண்ணாடி, பகல் ஏற ஏறக் கஞ்சி. ஈரம் கூடியதும் ஸ்கீயின் அடிப்பரப்பை உறிஞ்சிப் பிடிக்கும், திடீரென்று பின்னாலிருந்து யாரோ இழுப்பது போலிருக்கும். இதற்குப் புது ஸ்கீ தேட வேண்டாம். அடியில் கரடான வரிகள் போட்டு, வெப்பமான பனிக்கான மெழுகு தடவினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கடைசியாக எட்ஜ். சோதனைக்குக் கொடுக்கும் ஸ்கீகள் பல கால்கள் மாறி வந்தவை. ஏறும் முன் நகத்தின் மேல்பக்கத்தை எட்ஜின் குறுக்கே லேசாக இழுத்துப் பாருங்கள். நகத்தைத் துளி சுரண்டி எடுத்தால் கூர் இருக்கிறது. பக்கவாட்டு எட்ஜ் 88 டிகிரியா 87-ஆ என்றும் கேளுங்கள், 87 இறுகிய பனியில் கூடுதலாகக் கடிக்கும். மழுங்கிய எட்ஜோடு போட்டுப் பார்த்து, நல்ல ஸ்கீயை “பிடிப்பே இல்லை” என்று ஒதுக்கியவர்கள் நிறையப் பேர். எடுத்த ஸ்கீயைக் காலை பத்து மணிக்கே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். உழுத தடத்தில் எல்லா ஸ்கீயும் நன்றாகத்தான் இருக்கும். மதியம் மூன்று மணிக்கு, தடம் கலைந்து கால் சோர்ந்த பிறகு, அதே சரிவில் இன்னொரு முறை இறங்கிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.