எச்சில் கேட்டு ஒரு மாதம்

மார்ச் 4, செவ்வாய்
ஆஸ்பத்திரிச் சுவரெங்கும் 'எச்சில் துப்பாதீர்'. அதன் கீழேயே காலை எட்டரை மணிக்கு டியூபும் ஐஸ் பெட்டியுமாக உட்கார்ந்து, வருகிறவர்களிடம் எச்சில் கேட்டுக்கொண்டிருக்கிறேன், எல்லாம் எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேற்படிப்பு) ஆய்வுக்காக. ஈறு நோயின் தீவிரத்தை எச்சில் சொல்லுமா என்பதுதான் கேள்வி. காறக்கூடாது, தலையைக் குனிந்து வாயில் தானாகத் தேங்குவதை டியூபில் வழியவிட வேண்டும். ஐந்து நிமிஷத்தில் ஒன்றரை மில்லி வந்தாலே பெரிசு. ஒரு அம்மாவுக்கு வெட்கத்தில் வாயே வறண்டுவிட்டது.

மார்ச் 7, வெள்ளி
கீழ் முன்பல் ஆடுகிறது என்று ஒரு பெரியவர். ஈறு இடுக்கின் ஆழம் அளக்கும் கம்பியான புரோப் 7 மில்லிமீட்டர் இறங்கியது, 3 வரைதான் சரி. டியூபைக் கொடுத்தால் வாயில் புளிப்பு மிட்டாய்! "வாய் நாறுமே டாக்டரம்மா, அதான்" என்றார். மிட்டாய் சப்பினால் எச்சில் ஊறி எல்லாம் நீர்த்துப்போகும், அதனால் இன்னொரு நாள் வெறும் வாயோடு வரச் சொன்னேன்.

மார்ச் 13, வியாழன்
இன்று லேபில் எச்சிலில் உள்ள எம்.டி.ஏ.வை, அதாவது மாலோன்டைஆல்டிஹைடு என்ற பொருளை, அளந்தோம். ஈறு இடுக்கில் கிருமியோடு மோத வரும் வெள்ளணுக்கள் கக்குகிற வீரியமிக்க ஆக்ஸிஜன் மூலக்கூறுகளின் தாக்குதல் கிருமியோடு நிற்காமல் நம் திசுவையும் சுடுகிறது, அப்படி செல்லின் கொழுப்புச் சவ்வு சிதையும்போது வருவதுதான் இது. தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்த்துச் சூடாக்கினால் ரோஸ் நிறம் வரும், அதை 532 நானோமீட்டரில் அளக்கிறோம். ஆனால் ஒரு டியூப் அமிலம் சேர்க்கும் முன்பே ரோஸாக இருந்தது. ஈறு ரத்தம்! அளவைக் கெடுத்துவிடும், கழித்துவிடு என்றார் கைடு. சரிதான், ஆனால் ஈறு ரொம்பக் கெட்டவர்களுக்குத்தானே அதிகம் கசியும்? அவர்களைக் கழித்துவிட்டு நோயின் தீவிரத்தை எப்படிப் பேசுவது என்று கேட்டேன், பதில் இல்லை. தவிர எண் எவ்வளவு ஏறினாலும் எந்தப் பல்லில் கோளாறு என்று எச்சில் சொல்லாது, அதற்கு ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடத்தில் புரோப் விட்டுத்தான் ஆகணும்.

மார்ச் 19, புதன்
மிட்டாய்ப் பெரியவர் வந்தார். சாப்பிடவில்லை, காபி இல்லை, டியூபில் இரண்டு மில்லி, இதுவரை யாரும் கொடுக்காத அளவு. லேபிள் ஒட்டும்போதுதான் சட்டையில் பீடி வாசனை. படிவத்தில் 'புகைப்பழக்கம் இல்லை' என்று எழுதியிருந்தார். பீடியே எம்.டி.ஏ.வை ஏற்றிவிடும் என்பதால் ஆய்வில் சேர்க்க முடியாது. "அப்போ நான் கொடுத்தது வீணா?" என்று கேட்டவரை நாற்காலியில் சாய்த்து, கீழ் முன்பற்களின் உள்பக்கம் கல்லாக இறுகியிருந்த காரையை எடுத்தேன். ஒரு துண்டைப் பஞ்சில் வைத்துக் காட்டியதும் பேப்பரில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டார், வீட்டில் காட்டணுமாம்.