ரோச் என்ற சொல்லும் ஒரு ஜாம் போத்தல் விளக்கும்

1990ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றுபோன பின்னர், எங்கள் வகுப்பினர் எல்லோரும் ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்திலேயே சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தோம். போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, வளைத்த கம்பியொன்றில் நூல் திரியைக் கோத்து இறக்கிவிட்டால் ஒரு மாலைப்பொழுதைக் கடத்திவிடலாம். பற்றரிகள் தடைசெய்யப்பட்டிருந்தமையால் வீடுகளிலிருந்த ரோச் (torch) லைற்றுகள் வெறும் குழல்களாக அலுமாரிகளில் கிடந்தன.

எமது ஆங்கில ஆசிரியர் மாலை வேளைகளில் தமது வீட்டு விறாந்தையில் ஆறேழு பேருக்குப் பாடம் சொல்லித் தருவார். ஒருநாள் விளக்கின் திரி தளர்ந்து புகையத் தொடங்கியது. அவர் அதை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, பழைய வேட்டியிலிருந்து உருவிய நூல்களை ஒன்றுசேர்த்து, தொடையில் வைத்து உள்ளங்கையால் உருட்டினார். உருட்டியபடியே, “ரோச் எண்டால் என்ன தம்பி?” என்று என்னைக் கேட்டார். பற்றரி லைற் என்றேன். “இப்ப நான் செய்யிற வேலைதான் ரோச்” என்றார்.

முறுக்குதல் என்ற பொருளுடைய ‘தோர்க்குவேரே’ என்ற இலத்தீன் வினையிலிருந்து பிறந்து, பழைய பிரெஞ்சு மொழியில் முறுக்கிய வைக்கோற்புரியையும் தீவட்டியையும் குறித்து நின்ற சொல்லே, ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. சணல்நாரை முறுக்கி மெழுகில் தோய்த்தால் அது ரோச். உடலை முறுக்கி வதைப்பது ரோர்ச்சர். ஒருவனிடமிருந்து முறுக்கிப் பிடுங்குவது எக்ஸ்ரோர்ட். பௌதிகத்தில் நாம் கணக்குச் செய்த, சுழற்றும் திறனைக் குறிக்கும் ரோர்க்கும் அதே குடும்பம்தான். ஒளியைக் குறிக்கும் சொல்லில் ஒளியே இல்லை, கையின் வேலை மட்டுமே இருக்கிறது என்பது எனக்குப் பெரும் வியப்பாக இருந்தது.

அதற்குப் பின் அவர் சொன்னதுதான் என்னை மொழியின்மீது காதல் கொள்ள வைத்தது. நமது ‘திரி’யும் திரித்தல் என்ற வினையிலிருந்தே வந்தது, கயிறு திரிப்பவர் செய்யும் அதே வேலை. உண்மையைத் திரித்துக் கூறுவதென்று நாம் சொல்வதை ஆங்கிலேயர் அதே முறுக்கும் வினையிலிருந்து வந்த ‘டிஸ்ரோர்ட்’ என்ற சொல்லால் சொல்கின்றனர். நன்னூலில் நாங்கள் மனனம் செய்த ‘தோன்றல் திரிதல் கெடுதல்’ என்பதிலுள்ள, ஓரெழுத்து வேறெழுத்தாக மாறும் திரிதலையும் அவர் அந்த இடத்திலேயே நினைவூட்டினார். தமிழும் இலத்தீனும் உறவில்லாத மொழிகள்; இச்சொல்லை ஒன்றிடமிருந்து மற்றது கடன் வாங்கவுமில்லை. விளக்கு எரிய வேண்டுமானால் எந்த நாட்டவரும் நாரையோ நூலையோ முறுக்கியே ஆகவேண்டியிருந்தது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் தேவையில்லை என்றே நான் கருதுகிறேன்.

கனடாவுக்கு வந்த முதற் குளிர்காலத்தில் கடையொன்றில் ரோச் கேட்டபோது, குழாய் பொருத்துவோர் பயன்படுத்தும், வாயுவில் எரியும் தீக்குழலை எடுத்துத் தந்தார்கள். வட அமெரிக்காவில் அச்சொல் இன்றும் நெருப்பை விட்டு விலகவில்லை. பற்றரி விளக்குக்கு இங்கே ஃபிளாஷ்லைற் என்று பெயர். 1899இல் நியூயோர்க்கில் வாழ்ந்த டேவிட் மிசெல் என்பவர் காப்புரிமை பெற்ற குழல்விளக்கின் காலத்தில் பற்றரிகளால் தொடர்ந்து மின்சாரம் தர முடியாதிருந்தமையால், விளக்கைச் சற்றே ஒளிரவிட்டு அணைக்க வேண்டியிருந்தது. மின்னி மறையும் அந்த ஒளியே பெயராயிற்று. பிரித்தானியரோ பழைய தீவட்டியின் பெயரையே புதிய குழலுக்கும் இட்டனர். அதுவே இலங்கைக்கும் வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் அந்த ஆசிரியரின் இறுதிக் கிரியைகளைத் தொலைபேசித் திரையில் பார்த்தேன். திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம் பாடப்பட்டுக்கொண்டிருக்க, பேரப்பிள்ளைகள் சுற்றி நின்று நெய்ப்பந்தம் பிடித்தார்கள். கடைசிச் சிறுவனின் பந்தத்தில் துணி சற்று அவிழ்ந்திருந்தது. அருகில் நின்ற பெரியவர் ஒருவர் அதை வாங்கி, இரண்டு சுற்று முறுக்கிக் கட்டி, மீண்டும் அவன் கையில் கொடுத்தார்.