டீச்சர் கூப்பிட்ட இடாப்பு

மலருக்கு ஏதாவது எழுதித் தாங்க எண்டு சங்கத்தால கேட்டது தை மாசம். அப்ப நான் எழுத யோசிச்சது ஒன்றுகூடல் நடத்துற கதையத்தான், ஹோல் எடுக்கிறது, ஆளுக்கு எவ்வளவு காசு, கொத்துரொட்டியா புட்டா எண்டு சண்டை பிடிக்கிறது, இப்பிடி. ஆடி அமாவாசைக்கு மூண்டு நாள் முந்தி, மாமாங்கக் கோயில்ல திருவிழா நடக்கக்குள்ள, டீச்சர் மோசம் போன விசளம் வந்திச்சு. இப்ப இருந்து எழுதினா வேற ஒண்டும் வருதில்ல.

மட்டக்களப்பில டீச்சரிட்ட சங்கீதம் படிச்ச எங்கட பட்ச் ஆக்களுக்குத் தெரியும். காலம எட்டு மணி, பாய், தம்புரா ஐந்தரைக் கட்டைச் சுருதியில போய்க்கொண்டிருக்கும், டீச்சர் கண்ண மூடிக்கொண்டு இடாப்பு கூப்பிடுவா. "ஓம் டீச்சர்" எண்டு வாயால சொல்லப்படாது, ஸா பிடிக்கணும், பொடியன்மார் கீழ் ஸ்தாயியில பிடிப்பாங்க. சுருதி சேர்ந்தா அடுத்த பேர், சேரல்லயெண்டா திரும்ப அதே பேர். இரண்டாம் வருஷம் ஒரு நாள் என்ட பேர ஏழு தரம் கூப்பிட்டா. ஏழு தரமும் நான் ஒரு மயிரிழை கீழ நிண்டன். முழு வகுப்பும் பாத்துக்கொண்டிருக்கு, எனக்குத் தொண்டை அடைச்சுக் கண்ணால ஓடுது. "நீ இந்தத் தவணை பாட வேணா புள்ள, தம்புராவப் பிடி" எண்டு சொல்லிப்போட்டு அடுத்த பேருக்குப் போயிற்றா. அந்த வருஷம் வாணி விழாவில மத்தவங்க எல்லாரும் பாட, நான் பின்னுக்கு இருந்து ப ஸ ஸ ஸ எண்டு நாலு கம்பிய மீட்டிக்கொண்டு இருந்தன். வீட்டுக்குப் போய் அம்மாட்டயும் சொல்லல்ல.

தவணை முடிய என்ட பேரக் கூப்பிட்டா. ஒரே தரம்தான். அடுத்த பேருக்குப் போயிற்றா, பாராட்டு எண்டு ஒரு சொல்லும் வரல்ல, எனக்கு அது போதும் எண்டு இருந்திச்சு. இண்டைக்கும் பஸ்சில என்ஜின் இரைச்சலுக்கயும் என்ட காது ஒரு ஸா தேடும், அது அந்தத் தவணை தந்தது.

மறுகா 1990 ஜூன், சண்டை திரும்பத் துவங்கினது. அதப் பத்தி இஞ்ச எழுதத் தேவையில்ல, எல்லாரிட்டயும் அவரவர் கதை இரிக்கு. கொழும்புக்குப் போய், அங்கிருந்து கனடா. டிப்ளோமா முடிக்கல்ல, டீச்சரிட்ட போறன் எண்டு ஒரு சொல் சொல்லவும் இல்ல. ஒவ்வொரு வருஷமும் ஜூலை 19 சுவாமி விபுலானந்தர்ட சமாதிக்கு எங்களக் கூட்டிப்போகக்குள்ள டீச்சர் சொல்லுற ஒரு கதை இரிக்கே, 1947 ஜூன்ல தான் எழுதின இசை ஆராய்ச்சிப் புத்தகம் 'யாழ் நூல்' அத அரங்கேற்றினவர், அடுத்த மாசமே போயிற்றார், ஆனா முடிச்சுப்போட்டுத்தான் போனவர் எண்டு. கனடாவில முதல் குளிருக்க எனக்கு அந்த "முடிச்சுப்போட்டு" எண்ட சொல்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்திச்சு.

முதல் ஒன்றுகூடல் 1996, ஸ்காபரோவில என்ட பேஸ்மன்ட்ல, நாலு பேர். அதுக்குப் பிறகு லண்டன்ல இருந்து ரெண்டு பேர், சுவிஸ்ல ஒராள், போன் காட் சுரண்டிச் சுரண்டி ஆக்களத் தேடினம். 2004 டிசம்பர் 26, பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமை, நாவலடியில எங்கட வயலின் பிள்ளையையும் அவட ரெண்டு பிள்ளைகளையும் கடல் கொண்டு போயிற்று. அடுத்த ஒன்றுகூடல்ல ஒருத்தரும் பாடல்ல, காசு சேத்து அனுப்பினம், அவ்வளவுதான்.

ஊரில கூடினது 2010. ஹோட்டல் வேணாம், என்ட விறாந்தைக்கு வாங்க எண்டு டீச்சர் சொல்லிற்றா. கல்லடிப் புதுப் பாலம் அப்ப திறக்கல்ல, அது 2013இலதானே, பழைய பாலத்தால ஒத்தை வழியில காத்து நிண்டு போய்ச் சேர்ந்தம். பதினொரு பேர். பாய் விரிச்சு, சட்டித்தயிர் எடுத்து வெச்சு, தம்புரா சுருதி சேத்து வெச்சிருந்தா. கண்ண மூடினா. இருபத்தாறு பேரையும் வரிசை பிசகாமக் கூப்பிட்டா, கையில கொப்பி இல்ல. வராத ஆக்களுக்குக் கொஞ்சம் நிப்பாட்டி அடுத்தது. பதினாறாவது வயலின் பிள்ளைட பேர். கூப்பிட்டுப்போட்டு டீச்சர் அப்பிடியே இருந்தா, தம்புரா மட்டும் போகுது, ஒரு மூச்சு ரெண்டு மூச்சு இல்ல, கனநேரம். பிறகு பதினேழு, என்ட பேர். படிப்ப விட்டுப்போட்டு ஓடின எனக்கு அந்த இடாப்பில இடம் அப்பிடியே இருந்திச்சு. நான் ஸா பிடிக்கல்ல, பிடிக்க ஏலாமப் போச்சு. டீச்சர் திரும்பக் கூப்பிட்டா. ரெண்டாந்தரம் சேர்ந்திச்சு. ஏன் போனாய் எண்டு அண்டைக்கும் கேக்கல்ல, பிறகும் கேக்கல்ல.

கொரோனாவோட ஸூமுக்கு மாறினம். ஸ்காபரோவில காலம 9, லண்டன்ல பகல் 2, மட்டக்களப்பில பின்னேரம் ஆறரை, சிட்னியில இரவு 11. சேந்து பாடுவம் எண்டு வெளிக்கிட்டுப் பாத்தா ஆளுக்கொரு பக்கம் தாளம் போகுது, இஞ்ச போட்ட தட்டு அங்க பிந்தித்தான் கேக்கும், ஒருத்தர் பாட மத்தவங்க மியூட்ல இருக்கிறதத் தவிர வழியில்ல. தம்புராவ இரைச்சல் எண்டு நினைச்சு ஸூம் வெட்டிப்போடும், செட்டிங்ல ஒரிஜினல் சவுண்டப் போட்டாத்தான் கேக்கும், இதக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு மூண்டு கிழமை எடுத்திச்சு. டீச்சர்ட இடாப்புக்கு மட்டும் ஒரு தடங்கலும் இல்ல, ஒவ்வொருத்தரா மியூட்ட எடுத்து ஸா சொல்லுறதுதானே. பதினாறில எல்லாச் சதுரமும் அசையாம நிக்கும்.

போன கிழமை கூடினம். டீச்சர்ட மகள் தம்புராவ மீட்டி வெச்சா. என்னக் கூப்பிடச் சொன்னாங்க, இத்தனை வருஷம் ஆக்களத் தேடிச் சேத்தது நான்தானே எண்டு. ஒண்டில இருந்து பத்தொன்பது வரைக்கும் தடங்கல் இல்லாம வந்திச்சு. பதினாறில நானும் நிப்பாட்டினன், அது தானா வந்திச்சு. பதினேழில என்ட பேர நானே கூப்பிட்டு ஸா சொன்னன். இருபதில நிண்டுபோயிற்றன். கூடியிருந்த ஒருத்தருக்கும் அந்தப் பேர் வரல்ல. பிறகு யோசிச்சு எழுதிப் பாத்தன், இருபத்திநாலு பேர் வந்திட்டு. இருபதும் இருபத்திமூண்டும் இல்ல. ஒராள் களுவாஞ்சிக்குடியில இருந்து பஸ்சில வாற பிள்ளை, நீலச் சாரி, மத்தது மிருதங்கமும் படிச்ச பொடியன் எண்டு நினைக்கிறன்.

இத வாசிக்கிற எங்கட பட்ச் ஆக்கள் ஆருக்காவது அந்த ரெண்டு பேரும் ஞாபகம் வந்தா சங்கத்துக்கு எழுதுங்க. மார்கழியில திரும்பக் கூடுறம், அதே நேரம்.